பிள்ளை கிறுக்கட்டும், விடுங்க!



குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்கும்போது காரணம் சொல்லச் சொல்வோம். மாட்டுக்குத் தீவனம், மாமனாருக்கு வைத்தியம், வீட்டுக்கு ஓடு மாற்ற என்று வரும். ஜூன் மாதம் பிறந்தால் இன்னொரு காரணம் வரிசையாக வரும்: "பிள்ளைக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டணும்." பிள்ளைக்கு வயது மூன்றரைதான். ஊருக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கே, அங்கே விடலையா என்று கேட்டால் வரும் பதில் இது: "அங்க என்னக்கா சொல்லித் தர்றாங்க? மண்ணுல விளையாட விடுறாங்க, கலரைக் குடுத்து சும்மா கிறுக்க விடுறாங்க. நர்சரின்னா ஏ பி சி டி எழுத வைக்கிறாங்கல்ல!"

கடன் வாங்குவதும் எந்தப் பள்ளியில் சேர்ப்பதும் அவரவர் முடிவு. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் "சும்மா கிறுக்க விடுறாங்க" என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையை நம்பித்தான் நம்மில் பல பேர் மூன்று வயசுப் பிள்ளையின் விரலைப் பிடித்து, பென்சிலைத் திணித்து, ராத்திரி எட்டு மணிக்கு அழ அழ எழுத வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கையைப் பாருங்க. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிள்ளை பிறக்கும்போது இந்த எட்டும் எலும்பே இல்லை, வெறும் குருத்து. மாதங்களும் வருஷங்களும் போகப் போக ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் மூன்று நாலு தெரிந்தாலே பெரிசு. கடைசி எலும்பு தலைகாட்ட ஒன்பது, பத்து வயசுகூட ஆகும். கையில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளும் அப்படித்தான். அதனால்தான் குட்டிப் பிள்ளை சாக்பீஸைக் கொடுத்தால் முழுக் கையாலும் உலக்கை பிடிப்பதுபோலப் பிடிக்கிறது. அப்போது தோளிலிருந்து கை அசையும். பிறகு முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். இந்த வரிசையை யாரும் மாற்ற முடியாது. நெல் கதிர் விடுவதற்கு முன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் நின்றால் என்ன கிடைக்கும்? இரண்டு கோட்டுக்கு நடுவில் 'அ' எழுதுவது விரல் வேலை. மாவு பிசைவது, மண் உருட்டுவது, தாளைக் கிழிப்பது, பெரிய தாளில் வட்டம் வட்டமாகச் சுற்றுவது, இதெல்லாம் அந்த விரலைத் தயார் பண்ணும் வேலை. சும்மா இல்லை.

கிறுக்கலிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஒன்றரை வயது வாக்கில் பிள்ளைக்கு ஒரு ஆச்சரியம் கிடைக்கிறது: "நான் கையை அசைச்சேன், இங்க ஒரு கோடு வந்துச்சு!" முதலில் முன்னும் பின்னும் தேய்க்கும். பிறகு சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி போடும். மூன்று வயதை ஒட்டி, ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து கோட்டை முடிக்கத் தெரிகிறது; அதுதான் வட்டம். இது பெரிய காரியம். அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தால் கண். கீழே இரண்டு கோடு இழுத்தால் கால். உடம்பே இருக்காது, தலையிலிருந்து நேராகக் கால் முளைத்திருக்கும். "இது அம்மா" என்று கொண்டுவந்து நீட்டும். சிரிக்காதீங்க. உலகத்தில் எந்த நாட்டுப் பிள்ளையும் முதல் மனுஷனை ஏறக்குறைய இப்படித்தான் வரைகிறது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ரோடா கெல்லாக் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை பல நாட்டுப் பிள்ளைகளின் கிறுக்கல்களை லட்சக்கணக்கில் சேர்த்து வைத்துப் பார்த்தார். 1969-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் அடிப்படைக் கோடுகளும் வடிவங்களும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டார். யாரும் சொல்லித் தராமலே வருகிற வரிசை அது. குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நடப்பதுபோல.

இன்னும் கொஞ்சம் போனால் வேடிக்கையாக இருக்கும். நாலு அஞ்சு வயதில் பாட்டியை வீட்டைவிடப் பெரிசாக வரையும். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி அவ்வளவு முக்கியம். கர்ப்பமான அம்மாவை வரைந்தால் வயிற்றுக்குள் தம்பிப் பாப்பா படுத்திருப்பது வெளியே தெரியும். கண்ணுக்குத் தெரிவதை அது வரைவதில்லை. தனக்குத் தெரிந்ததை வரைகிறது. "மாடு பச்சையாவா இருக்கும்? தப்பு" என்று நாம் திருத்தினால் பிள்ளைக்கு மாட்டின் நிறம் புதுசாகத் தெரியப்போவதில்லை. மாடு எந்த நிறம் என்று அதுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும். அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: "எனக்கு வரையத் தெரியாது." இந்த வார்த்தையை ஐந்து வயதிலேயே சொல்லும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அம்மா முகத்தைப் பார்த்து, "நீயே வரைஞ்சு குடும்மா" என்கிறார்கள்.

அச்சுக்கு வண்ணம் அடிப்பதும் படம் வரைவதும் ஒன்றா?

ஒன்றில்லை. எல்லாப் பிள்ளைக்கும் முயல் படம் அச்சடித்த தாள் கொடுத்து, "கோட்டுக்கு வெளியே போகாம வெள்ளைப் பஞ்சு ஒட்டு" என்று சொன்னால், கடைசியில் சுவரில் இருபது முயல் வரிசையாகத் தொங்கும். பார்க்க அழகுதான். ஆனால் இருபதும் ஒரே முயல். காதை வெட்டியது டீச்சர், பசை தடவியது ஆயா, பஞ்சை வைத்தது மட்டும் பிள்ளை. அங்கே பிள்ளை சொன்னதைச் செய்யக் கற்றுக்கொள்கிறது. அதுவும் வேணும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யோசிக்க அங்கே இடமில்லை.

அதே பிள்ளைக்கு முன்னால் தாள், கிழித்த துணி, பசை, இலை, கொஞ்சம் பஞ்சு வைத்துவிட்டு "இதை வச்சு என்ன பண்ணலாம்?" என்று விட்டுப் பாருங்க. ஒண்ணு பஞ்சைப் பிய்த்து மழை என்று சொல்லும். ஒண்ணு பசையை மட்டும் அரைமணி நேரம் விரலால் தடவிக்கொண்டே இருக்கும். கடைசியில் தாளில் ஒன்றுமே இருக்காது. அதுவும் சரிதான். பசை எப்படி இழுபடுகிறது, எவ்வளவு தண்ணியாக இருந்தால் ஒட்டாது, காய்ந்தால் விரலில் எப்படித் தோல் மாதிரி உரிகிறது என்று அது கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. எதை எடுக்கலாம், எங்கே வைக்கலாம், சரியா வரலைன்னா அடுத்து என்ன பண்ணலாம் என்று முடிவு பண்ணுவது முழுக்க அதனுடைய வேலை. வீட்டுக்கு எடுத்துவர ஒரு 'சாமான்' கிடைத்ததா என்பதல்ல கணக்கு. செய்யும்போது என்ன நடந்தது என்பதே கணக்கு.

நம் மாநில அங்கன்வாடிகளுக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு, வரைவது, ஒட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வயதின் படிப்பு. ஆகவே உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர் பிள்ளைகளைக் கிறுக்க விட்டால், வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அவர் தன் வேலையைத்தான் செய்கிறார். பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் இடி. தாய்மார்கள் "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே" என்கிறார்கள். பார்வையிட வருகிறவர்களுக்குச் சுவரில் அழகாக ஏதாவது தொங்க வேண்டும். அதனால் அவரே ராத்திரி உட்கார்ந்து முயல் வெட்டுகிறார்.

காசு செலவு இல்லாமல் என்னென்ன தரலாம்?

நம் வீட்டிலும் வயக்காட்டிலும் இல்லாத கலரா? மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சள். பீட்ரூட் தோலை நசுக்கினால் இளஞ்சிவப்பு. செம்மண்ணைச் சலித்து வடிகஞ்சியில் குழைத்தால் அருமையான காவி நிறம். கஞ்சி இருப்பதால் காய்ந்தபிறகும் உதிராது. அடுப்புக்கரியை நுணுக்கிக் கஞ்சியில் கலந்தால் கறுப்பு. முருங்கை இலையைக் கசக்கித் தாளில் தேய்த்தாலே பச்சை. வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு ஆறவிட்டால் நீலம். அந்த நீலத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும், பிள்ளை கண்ணை விரித்துப் பார்க்கும். மஞ்சள் தண்ணீர் தடவிக் காய்ந்த தாளில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரை ஈர்க்கால் தொட்டு இழுத்தால் சிவப்புக் கோடு வரும். அதன்மேல் புளித்தண்ணீர் பட்டால் திரும்ப மஞ்சள்! நாம் ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்குகிற அதே வித்தைதான். ஆனால் பிள்ளை கையில் சுண்ணாம்பு மட்டும் கொடுத்துவிடாதீங்க. கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

தூரிகைக்கு வேப்பங்குச்சி நுனியை மென்று நார் நாராக்கினால் போதும். தென்னை மட்டையின் நாரை நசுக்கிக் கட்டினாலும் ஆச்சு. வெண்டைக்காயைக் காம்புப் பக்கம் வெட்டி எறிகிறோமே, அந்த வெட்டு வாயைக் கலரில் தொட்டு வைத்தால் பூ மாதிரி அச்சு விழும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் கண் கண்ணாக வலைப்பின்னல். பாதி வெங்காயம், சோளச் சக்கை, பழைய மூடி, எதையும் முக்கிப் பார்க்கட்டும். அரச இலையைக் கவிழ்த்து வைத்து, மேலே தாள் போட்டு மெழுகுக் கலரால் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும்.

தாளுக்குக் கவலையே வேண்டாம். தினக் காலண்டர் தாளின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை, பழைய செய்தித்தாள், சிமெண்டு சாக்கு மாதிரி தடித்த காகிதப் பை (சிமெண்டு வந்த பையே வேண்டாம், தூள் ஒட்டியிருக்கும்) எல்லாம் நல்லது. தாள் பெரிசாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏன் என்று மேலேயே சொன்னேன்: இந்த வயதில் வரைவது தோளும் முழங்கையும். தாளே இல்லை என்றால் வாசல் இருக்கிறது. காலையில் நாம் கோலம் போடும்போது ஒரு சிரட்டையில் கொஞ்சம் மாவைப் பிள்ளைக்கும் கொடுத்து, பக்கத்தில் இரண்டடி இடம் விட்டுவிடுங்க. நம் கோலம் புள்ளிக் கணக்கில் நிற்கும், அதன் கோலம் அதன் இஷ்டத்துக்குப் போகும். கல்மாவு வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அரிசி மாவாக இருந்தால் எறும்பும் சாப்பிடும்.

களிமண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனை கலர்ப் பென்சில் வாங்கிக் கொடுத்தாலும் ஒரு உருண்டைக் களிமண்ணுக்கு ஈடாகாது. அமுக்கலாம், குத்தலாம், உருட்டலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரே அடியில் சப்பையாக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அழிக்க ரப்பர் வேண்டாம், 'தப்பு' என்ற பேச்சே கிடையாது. மண்பாண்டம் செய்கிறவர் வீட்டில் கேட்டால் பதமான மண்ணே கிடைக்கும். குளத்து வண்டல் எடுத்தால் முள், கண்ணாடிச் சில் இல்லாமல் சலித்துக்கொள்ளணும். நாய், பூனை அசிங்கம் பண்ணும் இடத்து மண்ணும், வெளிக்குப் போகிற பக்கத்து மண்ணும் கூடவே கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்க. இல்லைன்னா வயிற்றுப் பூச்சி வரும். மண் கிடைக்காத நாளில் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை போதும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவையும் உண்டு. வீட்டுக்கு அடித்து மிச்சமான பெயிண்டு, கடையில் விற்கும் சாயப்பொடி, பழைய பேட்டரியை உடைத்து எடுக்கும் கறுப்பு, இவற்றைத் தொடவே விடாதீங்க. பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பசை வேண்டுமானால் மைதாவை வீட்டிலேயே காய்ச்சுங்க. சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் வாங்காதீங்க, பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், அது விஷம். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளி, ஊமத்தை, எருக்கு இந்த இலை பூவெல்லாம் ஒட்டும் வேலைக்கு வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் புளியங்கொட்டை, பாசிமணி, பட்டன் எதுவும் கொடுக்காதீங்க. நேராக மூக்குக்குள் போகும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நாம் என்ன பேசுவது?

இதுதான் கஷ்டமான பாகம். சாமான் எடுத்து வைப்பது சுலபம், வாயை அடக்குவதுதான் சிரமம். பிள்ளை படத்தைக் கொண்டுவந்தால் நம் வாயில் முதலில் வருவது, "இது என்னடா?" நாம் கேட்ட தோரணையிலேயே, 'ஒண்ணும் புரியலை' என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் நாமே "ஓ, யானையா!" என்போம். அது பஸ்ஸாக இருக்கும். அல்லது எதுவுமாகவும் இருக்காது, வெறும் கலரை ஓட விட்டுப் பார்த்திருக்கும். அதற்குப் பதில் "இதைப் பத்தி அம்மாகிட்ட சொல்லேன்" என்று கேளுங்க. சொன்னால் கேளுங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க.

"சூப்பர்! அருமை!" என்று எல்லாத்துக்கும் சொல்வதும் வேலைக்காகாது. பத்து நாளில் பிள்ளை 'சூப்பர்' வாங்குவதற்காகவே ஒரே வீடு, ஒரே மலை, ஒரே சூரியன் என்று வரைய ஆரம்பிக்கும். உங்க கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்க: "இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே கோடா இழுத்திருக்கியே!" "மஞ்சளும் நீலமும் சேர்ந்த இடத்துல பச்சையா ஆயிருச்சு பார்த்தியா?" இதில் பாராட்டும் இருக்கு, பேச்சும் வளருது. எழுதப் படிக்கத் தெரிந்த அக்கா, அண்ணன் இருந்தால் பிள்ளை சொன்னதை அப்படியே அது பேசிய பேச்சிலேயே தாளின் கீழே எழுதச் சொல்லுங்க. "நாய் ஓடுது, மழ வருது, அப்பா குடையக் காணோம்." தான் சொன்னது எழுத்தாகிக் காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதைத் திரும்பப் படிக்கவும் முடிகிறது என்று பிள்ளை தெரிந்துகொள்கிற இடம் இது. ஏ பி சி டி-யைவிடப் பெரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளை கறுப்பாகவே வரைந்தால் மனசில் ஏதோ இருக்கு என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் கறுப்புத்தான் கைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும். இடக்கையால் வரைகிற பிள்ளையை அடித்து வலக்கைக்கு மாற்றவும் வேண்டாம். அது கெட்ட பழக்கம் இல்லை, பிறவி அமைப்பு. இன்னொன்று, பெண் பிள்ளைகளிடம்தான் "கவுன் அழுக்காகுது, எந்திரி" என்று அதிகமாகச் சொல்கிறோம். பையன் மண்ணில் புரண்டால் சும்மா விடுகிறோம். உங்க வீட்டில் எப்படி என்று யோசித்துப் பாருங்க.

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஓவியப் போட்டி வைக்கிறோம். பெரிய பிள்ளைகளுக்கு வையுங்க, நல்லது. ஆறு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போட்டி வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே நடப்பதுதான் நமக்குத் தெரியுமே! தாய்மார்கள் பின்னாலிருந்து "மரத்தை இங்க போடு, சூரியனைப் போடலை பாரு" என்கிறார்கள். நடுவர் திரும்பிய சமயத்தில் அம்மா கை உள்ளே நுழைகிறது. கடைசியில் டிபன் பாக்ஸ் வாங்குவது அம்மா படம். தோற்ற பிள்ளைகள் நாற்பது பேருக்கும் வரைய வராது என்று மேடை போட்டு நாம் சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பரிசுப் பணத்தில் ஒரு மூட்டைக் களிமண்ணும், மெழுகுக் கலரும், நீளமான தாளும் வாங்கி, பந்தலின் ஒரு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விட்டால் வந்த பிள்ளைகள் அத்தனையும் நாள் பூரா அங்கேயே கிடக்கும். சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், "பரிசு இல்லைன்னா என்ன உற்சாகம்?" என்பார்கள். ஒரு வருஷம் செய்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நம் குழுக் கூட்டத்துக்குக் கைப்பிள்ளை, இடுப்புப் பிள்ளை, மடியைப் பிடித்து இழுக்கும் பிள்ளை என்று எத்தனை வருகிறது! கணக்குப் பார்க்கும்போது பாதிப் பேர் "சத்தம் போடாதே" என்று அதட்டிக்கொண்டே இருப்போம். அடுத்த கூட்டத்தில் ஒரு சாக்கை ஓரமாக விரித்து, காலண்டர் தாள், கரித்துண்டு, ஒரு உருண்டை மண், தண்ணீர் வாளி வைத்துப் பாருங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு உறுப்பினர் முறைவைத்து அங்கே உட்கார வேண்டும், பிள்ளைகளை மட்டும் விட்டுவிடக் கூடாது. உட்காருகிறவர் சொல்லித் தர வேண்டாம், மாதிரிக்கு வரைந்தும் காட்ட வேண்டாம். நாம் ஒரு மயில் போட்டுக் காட்டினால் எல்லாப் பிள்ளையும் கையைக் கட்டிக்கொண்டு நம் மயிலையே பார்க்கும். பக்கத்தில் இருந்தால் போதும். அவருடைய சேமிப்பையும் சந்தாவையும் முதலிலேயே வாங்கிவிட்டால் கணக்குப்பிள்ளைக்கும் சிரமமில்லை. முறை யாருக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் மூன்றாவது கூட்டத்தில் நின்றுபோகும்.

துணி கறையாகுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: குளிப்பாட்டுவதற்கு முன்னால், பழைய துணியைப் போட்டு உட்கார வையுங்க. செம்மண்ணும் கரியும் ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். மஞ்சள் கறையில் சோப்புப் போட்டதும் சிவப்பாகத் திரும்பும், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு ரெண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் தானாக வெளுத்துவிடும்.